பிளெட் ஏரிக்குப் போகிறீர்களா? இரண்டு இரவாவது தங்குங்கள்: முழுமையான வழிகாட்டி

முதல் முறை பிளெட் போனபோது எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். காலை பத்து மணிக்கு ஸ்லோவேனியாவின் தலைநகரான லியூப்லியானாவில் பஸ் ஏறி, பதினொன்றரைக்கு இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாகக் கோட்டை ஏறி, தீவுக்குப் படகு பிடித்து, வரிசையில் நின்று அந்த ஊர் கேக்கைச் சாப்பிட்டு, ஐந்து மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன். படங்கள் நன்றாகத்தான் வந்திருந்தன. ஆனால் ஊரைப் பார்த்த நிறைவு வரவில்லை.

இரண்டாவது முறை அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு போய் மூன்று இரவு தங்கினேன். மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் எங்களைத் தவிர நாயோடு நடந்த ஒரு பெரியவர் மட்டும்தான் இருந்தார். தண்ணீர் மேல் மூடுபனி படர்ந்திருந்தது, தீவிலிருந்த தேவாலயத்தின் கோபுரம் மட்டும் அதற்கு மேலே தெரிந்தது. அம்மா அரை மணி நேரம் ஒன்றுமே பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பகலில் வந்து பகலிலேயே திரும்பினால் இந்த நேரம் கிடைக்கவே கிடைக்காது. காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரை ஏரி சுற்றுலா பஸ்களுடையது, அதற்கு முன்பும் பின்பும் தங்கியிருப்பவர்களுடையது. இந்த வழிகாட்டியை முழுக்க அந்தக் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

முதலில், இது எப்படிப்பட்ட ஊர்

ஸ்லோவேனியாவின் வடமேற்கில், ஜூலியன் ஆல்ப்ஸ் மலைகளின் அடிவாரத்தில், கடல் மட்டத்திலிருந்து 475 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பிளெட். ஏரி பெரியதல்ல. நீளம் 2 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும், அகலம் ஏறக்குறைய 1.4 கிலோமீட்டர், மிக ஆழமான இடத்தில் 30 மீட்டர். கரையோரமாகச் சுற்றி வந்தால் 6 கிலோமீட்டர். மேற்குப் பாதியில் ஒரு சின்னத் தீவு, அதில் ஒரு தேவாலயம். வடகரையில் செங்குத்தான பாறையின் உச்சியில் கோட்டை. பின்னால் கரவாங்கே மலைத்தொடர், அதில் 2,236 மீட்டர் உயர ஸ்டோல் சிகரம். இவ்வளவும் ஒரே பார்வையில் அடங்கிவிடுவதால்தான் இந்த ஊர் உலகம் முழுக்க நாட்காட்டிப் படமாகிவிட்டது.

உல்லாச ஊராக இது மாறியதற்கு ஒரு தனி மனிதர் முக்கியக் காரணம். ஆர்னால்ட் ரிக்லி என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1850-களில் இங்கே வந்து இயற்கை வைத்திய நிலையம் தொடங்கினார். தண்ணீர் நல்லது, காற்று அதைவிட நல்லது, வெளிச்சம் எல்லாவற்றையும் விட நல்லது என்பது அவருடைய கொள்கை. நோயாளிகளை விடியற்காலையில் எழுப்பி, வெறுங்காலோடு மலைப்பாதைகளில் நடக்க வைத்தார். 1870-இல் பக்கத்து ஊரான லெஸ்ட்சே வழியாக ரயில் வந்ததும் ஐரோப்பாவின் வசதி படைத்தவர்கள் வரத் தொடங்கினார்கள். பின்னாளில் யூகோஸ்லாவியாவை ஆண்ட டிட்டோவும் கோடைகால மாளிகையை இங்கேதான் வைத்திருந்தார். அந்த மாளிகை இப்போது ஹோட்டல்.

ஒரு விஷயம் எனக்கு இந்த ஏரி மேல் தனி மரியாதையை உண்டாக்கியது. இவ்வளவு தெளிவாக இருக்கும் இந்தத் தண்ணீர் ஒரு காலத்தில் பாசி படிந்து கெட்டுப்போய்க்கொண்டிருந்தது. ஊர் வளர வளரக் கழிவும் ஊட்டச்சத்தும் ஏரியில் சேர்ந்துவிட்டன. இயற்கையாக உள்ளே வரும் நீரோட்டமும் குறைவு. அதனால் 1964-இல் ராடோவ்னா ஆற்றிலிருந்து குழாய் போட்டு நல்ல தண்ணீரை உள்ளே விட்டார்கள், 1980-களின் தொடக்கத்தில் ஏரியின் அடியில் தேங்கிய நீரைக் குழாய் வழியாக உறிஞ்சி வெளியேற்ற ஏற்பாடு செய்தார்கள். இன்றைக்கும் ஏரியில் மோட்டார் படகுக்கு அனுமதி இல்லை. அந்தக் காலை அமைதி பல வருட உழைப்பில் திரும்பக் கிடைத்தது.

படி 1: எந்த மாதம்

என் தேர்வு செப்டம்பரின் முதல் மூன்று வாரங்கள். கூட்டம் குறைந்திருக்கும், தண்ணீரில் கோடையின் சூடு இன்னும் மிச்சமிருக்கும். மே கடைசியும் ஜூனும் அடுத்த தேர்வு: புல்வெளியெல்லாம் பூ, மலை உச்சிகளில் பனி.

ஜூலை, ஆகஸ்ட்டில் ஏரி நீர் 25 டிகிரி வரை சூடாகும், நீந்த வசதி. ஆனால் அறை வாடகை ஏறும், கார் நிறுத்த இடம் கிடைக்காது, பிற்பகலில் இடியோடு மழை வரும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்காக அந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால் கவலை வேண்டாம், காலை நேரம் அப்போதும் அமைதிதான். ஜூலையில் பிளெட் நாட்கள் என்று ஒரு திருவிழா நடக்கும். முட்டை ஓடுகளில் மெழுகுவர்த்தி ஏற்றி ஆயிரக்கணக்கில் ஏரியில் மிதக்க விடுவார்கள். கார்த்திகை தீபம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மனதைத் தொடும் காட்சி அது. அன்றைக்கு அறை வேண்டுமென்றால் பல மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

அக்டோபரில் மரங்கள் நிறம் மாறும். குளிர்காலத்தில் பனி விழுந்தால் அழகுக்கு அளவே இல்லை, ஆனால் வின்ட்கர் பள்ளத்தாக்கு மூடியிருக்கும், பகல் சீக்கிரம் முடிந்துவிடும். ஏரி உறைவதும் எல்லா ஆண்டும் நடப்பதில்லை, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

படி 2: விசா

ஸ்லோவேனியா 2007-இல் யூரோ நாணயத்துக்கு மாறியது, அதே ஆண்டு டிசம்பரில், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக முடிகிற ஷெங்கன் பகுதியிலும் சேர்ந்தது. அதனால் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். ஆனால் கோடைக்குப் போகிறவர்கள் இரண்டு மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

எந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்பதில் பலர் குழம்புகிறார்கள். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டில். எல்லா நாட்டிலும் ஒரே கணக்கு என்றால், முதலில் நுழையும் நாட்டில். ஆஸ்திரியாவில் ஐந்து இரவு, பிளெட்டில் மூன்று என்றால் ஆஸ்திரியாவிடம்தான் கேட்க வேண்டும். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் போன்ற ஷெங்கன் நாடுகளில் வசிக்கும் தமிழர்களிடம் அந்த நாட்டு வதிவிட அனுமதி இருந்தால் தனி விசா வேண்டாம். பாஸ்போர்ட்டையும் அனுமதி அட்டையையும் மட்டும் மறக்காதீர்கள், ரயிலில் எல்லைச் சோதனை வரலாம்.

இன்னொன்று. விண்ணப்பத்திலும் டிக்கெட்டிலும் ஸ்லோவேனியா என்றுதான் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஸ்லோவாக்கியா வேறு நாடு, பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் வரும்.

படி 3: போய்ச் சேருவது

இந்தியாவிலிருந்து லியூப்லியானாவுக்கு நேரடி விமானம் இல்லை. இஸ்தான்புல் அல்லது ஃபிராங்க்ஃபர்ட் வழியாக மாறிப் போகலாம். விமான நிலையம் பிளெட்டுக்கும் தலைநகருக்கும் இடையில், பிர்னிக் என்ற இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து பிளெட் 35 கிலோமீட்டர் அளவில்தான், எனவே லியூப்லியானா நகருக்குள் போய்த் திரும்ப வேண்டியதில்லை. வெனிஸ், வியன்னா, மியூனிக் நகரங்களுக்கு மலிவான டிக்கெட் கிடைத்தால் அங்கே இறங்கி ரயிலிலோ பஸ்ஸிலோ வருவதும் நல்ல வழி.

லியூப்லியானாவிலிருந்து வருகிறவர்களுக்கு என் ஆலோசனை பஸ். ஒன்றேகால் மணி நேரத்தில் ஊர் நடுவிலேயே, ஏரிக்கு நடந்து போகும் தூரத்தில் இறக்கிவிடும். ரயில் வேகமானதுதான், ஆனால் அது நிற்கும் லெஸ்ட்சே-பிளெட் நிலையம் ஏரியிலிருந்து 4 கிலோமீட்டர். அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும், பெட்டிகளோடு அது வேண்டாத வேலை. ஆஸ்திரியாவின் வில்லாக் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்களுக்கு மட்டும் லெஸ்ட்சே சரியான நிலையம்.

இன்னொரு ரயில் நிலையமும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது: பிளெட் யெஸெரோ. ஏரியின் மேற்குக் கரைக்கு மேலே சரிவில் இருக்கிறது. 1906-இல் திறந்த பழைய மலை ரயில் பாதை அது. யெசெனிட்சேவிலிருந்து புறப்பட்டு, 6 கிலோமீட்டருக்கு மேல் நீளும் குகைப்பாதைக்குள் நுழைந்து, சோச்சா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக இத்தாலி எல்லை வரை போகும். சோல்கான் என்ற இடத்தில் 85 மீட்டர் அகல ஒற்றைக் கல் வளைவுப் பாலம் ஒன்றைக் கடக்கும், ரயில் பாலங்களில் உலகிலேயே பெரிய கல் வளைவு அதுதான். ரயில் பிரியர்கள் ஒரு பகலை இதற்கே ஒதுக்கலாம்.

காரில் வந்தால் ஸ்லோவேனிய நெடுஞ்சாலைக்கு மின்னணு வின்யெட் (சாலைக் கட்டணச் சீட்டு) கட்டாயம். எல்லை தாண்டும் முன்பே இணையத்தில் வாங்கிவிடுங்கள், அபராதம் கடுமையானது. ஆஸ்திரியாவிலிருந்து கரவாங்கே சுரங்கப்பாதை வழியாக வந்தால் அதற்குக் கட்டணம் தனி.

படி 4: எங்கே தங்குவது

ஊரின் கிழக்குக் கரையில்தான் பெரிய ஹோட்டல்கள், பஸ் நிலையம், கடைகள் எல்லாம். வயதானவர்களோடு போனால் அங்கேயே தங்கிவிடுங்கள், நடை குறையும். தென்கரையில் ம்லீனோ என்ற சின்னக் குடியிருப்பு. விருந்தினர் இல்லங்கள், படகுத்துறை, அன்னப்பறவைகள், மாலையில் நல்ல அமைதி. நாங்கள் தங்கியது அங்கேதான், மறுபடி போனாலும் அங்கேதான் தங்குவேன். மேற்கு முனையில் ஸாக்கா பகுதியில் கூடார முகாம் இருக்கிறது, இளைஞர்களுக்கு ஏற்றது, மலையேற்றப் பாதை வாசலிலேயே தொடங்கும்.

ஏரியைப் பார்த்த பால்கனிக்கு நிறையப் பணம் கேட்பார்கள். ஐந்து நிமிடம் நடந்தால் ஏரியே இருக்கும்போது அந்தப் பணத்தை இன்னொரு இரவுக்குச் செலவழிப்பது மேல்.

சமையலறை உள்ள அறையாகப் பாருங்கள். ஒரு முக்கியமான எச்சரிக்கை: ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறை நாட்களிலும் ஸ்லோவேனியாவில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், 2020-இல் சட்டமே வந்துவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு சனிக்கிழமை மாலை, பயணக் களைப்பில் காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். மறுநாள் பாலுக்கும் தயிருக்கும் அலைய வேண்டியதாகிவிட்டது. சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். அறை வாடகையோடு சுற்றுலா வரியும் தனியாக வரும், ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு மூன்று யூரோ அளவில்.

படி 5: முதல் நாள் மாலை, ஏரியைச் சுற்றி நடங்கள்

மதியத்துக்குள் வந்து சேருங்கள், பெட்டியை வைத்துவிட்டு ஒரு காபி குடியுங்கள். நான்கரை ஐந்து மணிக்குச் சுற்றுலா பஸ்கள் கிளம்பத் தொடங்கும், அப்போது நீங்கள் கிளம்புங்கள். 6 கிலோமீட்டரும் பெரும்பாலும் சமதளம், நிற்காமல் நடந்தால் ஒன்றரை மணி நேரம், ஆனால் நிற்காமல் யாராலும் நடக்க முடியாது, இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிகார முள் சுற்றும் திசையில், அதாவது ஊரிலிருந்து தென்கரை வழியாகப் போவது எனக்குப் பிடித்த முறை. ம்லீனோ வரை பக்கத்தில் வாகனச் சாலை, கொஞ்சம் இரைச்சல். அதைத் தாண்டியதும் சாலை விலகிவிடும். டிட்டோவின் மாளிகை தாண்டி மரங்களுக்கு நடுவே போகும்போது தீவு மிக அருகில் தெரியும். மேற்கு முனையில் துடுப்புப் படகுப் போட்டிகளுக்கான மையம் இருக்கிறது. உலக சாம்பியன்ஷிப் போட்டிகள் இந்த ஏரியில் 1966, 1979, 1989, 2011 ஆண்டுகளில் நடந்திருக்கின்றன. சாயங்காலத்தில் உள்ளூர்ப் பிள்ளைகள் பயிற்சி எடுப்பதைப் பார்க்கலாம். வடகரையில் திரும்பி வரும்போது கோட்டைப் பாறை தலைக்கு மேல் நிற்கும், கடைசியில் புனித மார்ட்டின் தேவாலயத்தின் கூர்கோபுரம்.

அப்பாவுக்கு 68 வயது, மெதுவாக முழுச் சுற்றும் நடந்தார். அம்மாவுக்கு மூட்டு வலி, ம்லீனோ வரை போய்த் திரும்பினார். வழியெங்கும் பெஞ்சுகள் இருக்கின்றன, எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்.

படி 6: இரண்டாம் நாள் காலை, தீவு

ஆறு மணிக்கு எழுந்து கரைக்குப் போங்கள். குளிர்ந்த இரவுக்குப் பின் வரும் காலைகளில், அதிலும் இலையுதிர் காலத்தில், மூடுபனிக்கு வாய்ப்பு அதிகம். கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும்.

அப்புறம் சிற்றுண்டி முடித்து, தீவுக்கு முதல் படகு. இங்கே ஓடும் பாரம்பரியப் படகுக்கு பிளெட்னா என்று பெயர். அடிப்பாகம் தட்டையான மரப்படகு, மேலே வண்ணத் துணிக் கூரை, பின்னால் ஒருவர் நின்றபடி இரண்டு துடுப்புகளால் வலிப்பார். 18-ஆம் நூற்றாண்டின் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா காலத்தில் உள்ளூர்க் குடும்பங்களுக்குக் கொடுத்த உரிமை என்று சொல்வார்கள், இன்றும் தலைமுறை தலைமுறையாக அதே குடும்பங்களில் வரும் தொழில். ஏறும்போது எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று படகோட்டி கை காட்டுவார், எடை இரண்டு பக்கமும் சமமாக வேண்டும், அதனால் குடும்பத்தோடு சேர்ந்துதான் உட்காருவேன் என்று அடம் பிடிக்காதீர்கள். ஆள் நிரம்பியதும் கிளம்பும். ஊர்ப் பூங்கா, ம்லீனோ, ஸாக்கா மூன்று இடத்திலும் துறை உண்டு. கட்டணம் ஒருவருக்கு 20 யூரோவை ஒட்டி, கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தீவில் 40 நிமிடம் அளவில் நிற்பார்கள், அதே படகில்தான் திரும்ப வேண்டும். நேரக் கட்டுப்பாடு பிடிக்காதவர்கள் சின்னத் துடுப்புப் படகை வாடகைக்கு எடுத்து நீங்களே வலித்துப் போகலாம்.

இறங்கியதும் 99 கல் படிகள். கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை பெண்ணைத் தூக்கிக்கொண்டு அத்தனை படியும் ஏற வேண்டும், பெண் அதுவரை வாயைத் திறக்கக் கூடாது என்பது இங்கே வழக்கம். நாங்கள் போன அன்றே ஒரு ஜோடி ஏறியது, கூடியிருந்த எல்லாரும் படி எண்ணிக் கைதட்டினோம்.

மேலே விண்ணேற்பு மாதா தேவாலயம், உள்ளே ஆசை மணி. போலிக்ஸேனா என்ற இளம் விதவையின் கதையைச் சொல்வார்கள். கோட்டையில் வாழ்ந்தவள், கணவனைக் கொள்ளையர்கள் கொன்றுவிட, தன் பொன் வெள்ளியையெல்லாம் திரட்டித் தீவுக்கு ஒரு மணி வார்க்கச் சொன்னாள். மணியை ஏற்றி வந்த படகு புயலில் கவிழ்ந்து ஏரிக்குள் போய்விட்டது. அவள் ரோமுக்குப் போய்க் கன்னியாஸ்திரீ ஆகிவிட்டாள். அவள் இறந்த பிறகு போப்பாண்டவர் புது மணி ஒன்றை அனுப்பிவைத்தாராம். இப்போது இருக்கும் மணியில் 1534 என்ற ஆண்டு இருக்கிறது, இத்தாலியின் பதுவாவில் வார்த்தது. கயிற்றை இழுத்து மூன்று முறை ஒலிக்க வைத்தால் வேண்டியது நடக்கும் என்பது நம்பிக்கை. கனமான கயிறு அது, மெதுவாக, சீராக இழுத்தால்தான் ஒலிக்கும். அம்மா இழுத்தார், என்ன வேண்டினார் என்று நாங்கள் கேட்கவில்லை. தேவாலயத்துக்குள் போகத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். உள்ளே வழிபாடு நடக்கும் இடம், தொப்பியைக் கழற்றி, குரலைத் தாழ்த்துங்கள்.

படி ஏற முடியாதவர்கள் கீழேயே தீவைச் சுற்றி நடக்கலாம், அதுவும் அழகுதான்.

படி 7: கோட்டையா, குன்றா

நேரமோ பணமோ ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் குன்றுக்குப் போங்கள் என்பேன். ஆனால் கால் ஒத்துழைக்க வேண்டும்.

கோட்டை முதலில். ஆவணங்களில் இதன் பெயர் 1011-இல் வருகிறது, ஸ்லோவேனியாவில் குறிப்பிடப்பட்ட கோட்டைகளில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். ஏரியிலிருந்து 130 மீட்டர் உயரம். புனித மார்ட்டின் தேவாலயத்தின் அருகிலிருந்து படிக்கட்டும் பாதையுமாக இருபது நிமிட ஏற்றம், காரிலோ டாக்சியிலோ வாசலருகே வரை போகலாம், அம்மாவை அப்படித்தான் அழைத்துப் போனோம். உள்ளே சின்ன அருங்காட்சியகமும் பழைய முறை அச்சுக்கூடமும் இருக்கின்றன. ஆனால் நுழைவுச் சீட்டுக்கு உண்மையான மதிப்பு மேல் முற்றத்துக் காட்சிதான். காலையில் போங்கள், சூரியன் பின்னால் இருக்கும், ஏரியும் தீவும் தெளிவாகத் தெரியும்.

மாலையில் குன்று. ஏரியின் மேற்கே ஓய்ஸ்ட்ரிட்சா, மாலா ஓசோய்னிட்சா என்று இரண்டு காட்சி முனைகள். நீங்கள் பார்த்த புகழ்பெற்ற பிளெட் படங்கள் பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்துதான் எடுக்கப்பட்டவை. ஸாக்கா முகாமருகே பலகை பார்த்துக் காட்டுக்குள் திரும்ப வேண்டும். ஓய்ஸ்ட்ரிட்சா 611 மீட்டர், அரை மணி நேரத்தில் ஏறிவிடலாம், உச்சியில் ஒரே ஒரு பெஞ்ச். மாலா ஓசோய்னிட்சா 685 மீட்டர், முக்கால் மணி நேரம், வழியில் செங்குத்தான இரும்புப் படிக்கட்டு. பாதை செங்குத்து, மரவேர்களும் உருளும் கற்களும் நிறைந்தது. செருப்போடு போகாதீர்கள், மழை பெய்த அன்று வேண்டவே வேண்டாம், உச்சியில் தடுப்புக் கம்பி இல்லாத பாறை விளிம்புகள் உண்டு, பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

விடியலிலும் பலர் ஏறுகிறார்கள், மூடுபனி கிடைத்தால் அற்புதம், ஆனால் சூரியன் நேர் எதிரே இருக்கும். மாலையில் வெளிச்சம் நம் முதுகுப் பக்கமிருந்து போய் தீவின் மேலும் கோட்டையின் மேலும் விழும். இறங்கும்போது காட்டுக்குள் சீக்கிரம் இருட்டிவிடும், டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்ணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்லோவேனியக் காடுகளில் வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை உண்ணி உண்டு, மூளை அழற்சியையும் லைம் நோயையும் பரப்பக்கூடியது. முழுக்கால் சட்டை போடுங்கள், அறைக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்புறம் எல்லாம் பாருங்கள், குழந்தைகளுக்குக் கட்டாயம் பாருங்கள்.

படி 8: மூன்றாம் நாள், வின்ட்கர் அல்லது போஹின்

வின்ட்கர் என்பது ஊரிலிருந்து 4 கிலோமீட்டரில் ராடோவ்னா ஆறு பாறையை அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு. 1891-இல் இதைக் கண்டுபிடித்து, 1893-இல் மரப்பாலங்கள் கட்டி மக்களுக்குத் திறந்தார்கள். 1.6 கிலோமீட்டர் தூரம் பாறைச் சுவரோடு ஒட்டிய மரப்பாதையில், காலடியில் பச்சைத் தண்ணீர் பாய, நடந்து போகலாம், முடிவில் ஷும் அருவி. நேரம் குறித்த சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள், முதல் நேரமாகவே எடுங்கள். பாதை ஒருவழி. பள்ளத்தாக்கு முடிந்ததும் காட்டு வழியாக வேறு பாதையில் மேலேறித் திரும்ப வேண்டும், அதற்கு ஒரு மணி நேரம் போல ஆகும். பலர் இந்தத் திரும்பும் நடையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மூட்டு வலிக்காரர்களுக்கு இது சரிப்படாது.

போஹின் ஏரி 26 கிலோமீட்டரில், பஸ்ஸில் முக்கால் மணி நேரம் அளவில். ஸ்லோவேனியாவின் மிகப்பெரிய நிரந்தர இயற்கை ஏரி, நீளம் 4 கிலோமீட்டருக்கு மேல். டிரிக்லாவ் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் பெரிய ஹோட்டல் வரிசை எதுவும் கரையில் இல்லை. ரிப்செவ் லாஸ் என்ற இடத்தில் இறங்கினால் கல் பாலமும் பழைய தேவாலயமும் ஏரி தொடங்கும் இடமும் ஒன்றாகத் தெரியும். ஏரியின் மறுமுனையிலிருந்து வோகல் கேபிள் கார் 1,535 மீட்டர் உயரத்துக்குக் கொண்டு போகும். வானம் தெளிந்திருந்தால் ஸ்லோவேனியக் கொடியில் இருக்கும் டிரிக்லாவ் சிகரம், 2,864 மீட்டர், எதிரே நிற்கும். நடக்கக் கூடியவர்களுக்கு சாவிட்சா அருவி, 78 மீட்டர், ஐந்நூறுக்கு மேல் படிகள்.

பெற்றோரோடு போகிறவர்கள் யோசிக்காமல் போஹினைத் தேர்ந்தெடுங்கள். படி ஏறாமலேயே உயரத்துக்குப் போக முடிந்தது அம்மாவுக்குப் பெரிய சந்தோஷம். கேபிள் காரிலிருந்து இறங்கி முதல் முறையாக மலைகளுக்கு நேர் எதிரே நின்றார்.

மழை நாளாகிவிட்டால் ரடோவ்லிட்சா. பத்து நிமிடப் பயணத்தில் பழைய ஊர், தேனீ வளர்ப்புக்கு ஓர் அருங்காட்சியகம். தேன்கூட்டுப் பெட்டிகளின் முகப்பில் ஓவியம் தீட்டுவது இந்த நாட்டின் பழைய கலை, அங்கே நிறையப் பார்க்கலாம்.

சாப்பாடு

பிளெட்டின் கேக்குக்கு உள்ளூரில் கிரெம்னா ரெஸினா என்று பெயர், கிரெம்ஷ்னிட்டா என்றாலும் புரியும். மேலும் கீழும் மொறுமொறு மாவுத் தகடு, நடுவே வெனிலா கஸ்டர்ட், அதன் மேல் அடித்த க்ரீம். 1953-இல் பார்க் ஹோட்டலில் உருவாக்கியது. முட்டை உண்டு, முட்டை சேர்க்காதவர்கள் கவனியுங்கள். நல்ல கேக் என்றால் தட்டை ஆட்டும்போது லேசாகத் ததும்ப வேண்டும்.

சைவர்களுக்கு இங்கே திண்டாட்டம் இல்லை. காளான் சூப், பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டி வேகவைக்கும் ஷ்ட்ருக்லி, பக்வீட் என்ற தானியத்தின் மாவில் செய்யும் கட்டியான ஜ்கான்ட்சி, இத்தாலி பக்கம் என்பதால் எங்கும் பீட்சா. ஜ்கான்ட்சி மேல் பன்றிக்கொழுப்புத் துணுக்கு தூவுவது வழக்கம், சூப்பிலும் இறைச்சிச் சாறு இருக்கலாம், ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். பெரும்பாலானவர்கள் நன்றாக ஆங்கிலம் பேசுவார்கள். நன்றிக்கு ஹ்வாலா, வணக்கத்துக்கு டோபெர் டான், இந்த இரண்டைச் சொன்னாலே முகம் மலர்ந்துவிடும்.

அப்பாவுக்கு ஒருவேளையாவது சோறு வேண்டும். சின்ன ரைஸ் குக்கர், ஒரு கிலோ பொன்னி, பருப்புப் பொடி, ஊறுகாய் கொண்டு போயிருந்தோம். நம் ஊர் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது, ஐரோப்பிய இரண்டு முனை அடாப்டர் வேண்டும், குக்கரின் மின்சாரத்தைத் தாங்கக்கூடியதாக வாங்குங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பாட்டில் வாங்க வேண்டாம்.

கிளம்பும் நாள்

பஸ் பத்து மணிக்கு என்றாலும் ஆறு மணிக்கு எழுந்துவிடுங்கள், கரைக்கு இன்னொரு முறை போய் வர நேரம் இருக்கும். நாங்கள் போனபோது அன்றைக்கு மூடுபனி இல்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது, கோட்டை தலைகீழாக அப்படியே அதில் தெரிந்தது. முதல் நாள் பார்த்த அதே பெரியவர் நாயோடு வந்தார், அம்மாவைப் பார்த்து டோபெர் டான் என்றார். அம்மாவும் திருப்பிச் சொன்னார்.